டிரெயின்ஸ்பாட்டிங் லைவ்: பேச்சைக் குறைத்து ரயிலைக் காட்டியிருக்கக் கூடாதா?

#1 கரிப்புகை

பிபிசி ஃபோர் 2016 ஜூலையில் மூன்று இரவுகள் தொடர்ந்து நேரலையாக ஒளிபரப்பிய ‘டிரெயின்ஸ்பாட்டிங் லைவ்’ தொடரை ஒருவழியாக முழுதும் பார்த்துவிட்டேன். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் டிட்காட் ரயில்வே மையத்தில் அமர்ந்துகொண்டு, எஞ்சின் எண்களைக் குறித்துச் சேகரிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட, நாடு முழுவதும் உள்ள ரசிகர்களிடம் ‘இன்று எந்த எஞ்சினைக் கண்டீர்கள்’ என்று கேட்டுப் படமும் செய்தியும் வாங்குகிறார்கள். நடுநடுவே ரயில் தொழில்நுட்பம், வரலாறு. பீட்டர் ஸ்னோ, கணிதவியலாளர் ஹானா ஃப்ரை, ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்த டிக் ஸ்ட்ராபிரிட்ஜ், ரயில் வரலாற்றில் ஊறிய டிம் டன் ஆகியோர் தொகுப்பாளர்கள்.

என் புகார் ஒன்றே ஒன்று. ரயிலைப் பார்க்க உட்கார்ந்தவனுக்கு ரயிலைவிட ஆட்கள்தான் அதிகம் தெரிகிறார்கள். எஞ்சின் திரைக்கு வந்து நிலைகொள்வதற்குள் யாராவது குறுக்கே புகுந்து, எவ்வளவு அற்புதம் பாருங்கள் என்று வியக்கிறார். அற்புதம் என்று எனக்கே தெரியாதா? கொஞ்சம் சும்மா இருந்தால் நானே வியந்துகொள்வேன்.

பீட்டர் ஸ்னோவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தேர்தல் இரவுகளில் தொலைக்காட்சியில், வாக்கு எந்தக் கட்சிப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் ஊசல் முள்ளை ஆட்டிக்காட்டிப் பெயர் வாங்கியவர். அப்போது வயது 78. அந்த வயதில் அப்படித் துள்ளுவதே பெரிய விஷயம். ஆனால் துள்ளல் அவருக்கு, எஞ்சின் எனக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்திருக்கலாம்.

பார்த்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?

#2 ரீடிங்வாசி

நான் அதை 2016இல் நேரலையாகவே பார்த்தவன். டிட்காட் எங்களுக்குப் பக்கத்து ஊர்.

உங்கள் புகாரில் பாதி நியாயம். மீதிப் பாதிக்குப் பதில் சொல்கிறேன். அந்த மையத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுவது கிரேட் வெஸ்டர்ன் முதன்மைத் தடம். அப்போது லண்டன் பேடிங்டனிலிருந்து பிரிஸ்டலுக்கும் தெற்கு வேல்ஸுக்கும் இன்டர்சிட்டி 125 என்ற அதிவேக டீசல் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. 1976இல் அந்தத் தடத்தில் சேவைக்கு வந்தவை, நாற்பது ஆண்டு கழித்தும் மணிக்கு 125 மைல் வேகத்தில் பறந்தன. மின்கம்பிக்கான கம்பங்களை அப்போதுதான் நட்டுக்கொண்டிருந்தார்கள். 2017 அக்டோபரில் அவற்றுக்குப் பதிலாக ஹிட்டாச்சி வண்டிகள் வரத் தொடங்கின. 2019 மே மாதத்தோடு பேடிங்டனிலிருந்து 125களின் நெடுந்தூர ஓட்டம் முடிந்தது. அன்று ‘தினமும் போகிற வண்டிதானே’ என்று விட்டதைத்தான் இன்று பழைய பதிவுகளில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். இடமும் காலமும் தற்செயலாகவோ தெரிந்தோ மிகச் சரியாக அமைந்துவிட்டன.

பேச்சு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரலை என்றால் ரயில் வராத நேரத்தையும் யாராவது நிரப்பியாக வேண்டுமே.

#3 சிக்னல் சிங்காரம்

‘ரயில் வராத நேரம்’ என்கிறாரே ரீடிங்வாசி, இந்தப் பொழுதுபோக்கே அந்த நேரம்தான் ஐயா!

நடைமேடையின் கடைசி முனைக்குப் போய் நின்றவர்களுக்குத் தெரியும். கூட்டமெல்லாம் பின்னால் இருக்கும். கையில் நோட்டு, பையில் பிளாஸ்க். நெடுநேரமாகச் சிவப்பில் நிற்கிற சிக்னல் திடீரென்று பச்சைக்கு மாறும். யாருக்கோ பாதை போட்டுவிட்டார்கள். யாருக்கு? கால அட்டவணைப்படி இப்போது வண்டி எதுவும் இல்லை. சரக்கு வண்டியா, காலி வண்டியா, சோதனை ஓட்டமா? தண்டவாளம் லேசாக முனக ஆரம்பிக்கும். வளைவில் முதலில் விளக்கு தெரியும், பிறகு முகம், அதற்கப்புறம்தான் எண். அந்த இரண்டு நிமிடத்தைத் தொலைக்காட்சி வெட்டி எறிந்துவிட்டு எண்ணை மட்டும் காட்டினால் அதில் என்ன இருக்கிறது?

முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நார்வேக்காரர்கள் செய்துகாட்டினார்கள். பெர்கன் தடத்தின் நூற்றாண்டுக்காக 2009 நவம்பர் 27 அன்று என்ஆர்கே தொலைக்காட்சி பெர்கனிலிருந்து ஓஸ்லோ வரையிலான பயணத்தை முழுதாக, ஏழு மணி நேரத்துக்கு மேல் ஒளிபரப்பியது. பெரும்பாலும் எஞ்சினின் முகப்பிலிருந்த கேமரா கண்ட காட்சிதான். வழியில் 182 சுரங்கங்கள். இருட்டில் என்ன காட்டுவது என்று யோசித்தவர்கள் சுரங்கத்துக்குள் போகும்போது பழைய ஆவணப் படங்களை ஓட்டினார்கள், வெளிச்சம் வந்ததும் தடத்துக்குத் திரும்பினார்கள். ஐம்பது லட்சம்கூட இல்லாத நாட்டில் பன்னிரண்டு லட்சம் பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் அதைப் பார்த்தார்கள். ஃபின்சே நிலையத்தில் 1,222 மீட்டர் உயரத்தில் பனிக்குள் வண்டி நுழைகிற இடத்தில் ஒருவர் வந்து ‘அற்புதம்!’ என்று கத்தியிருந்தால் நான் தொலைக்காட்சியை உடைத்திருப்பேன்.

#4 பனிமூட்டம்

நான் ரயில் ரசிகை இல்லை. ஹானா ஃப்ரைக்காகத்தான் பார்த்தேன். வெளியாள் கருத்தும் ஒன்று இருக்கட்டும்.

ஏழு மணி நேரம் தண்டவாளத்தைப் பார்க்கச் சொன்னால் நான் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போயிருப்பேன். இந்தத் தொடரை மூன்று நாளும் பார்த்தேன் என்றால் அதற்குக் காரணம் நீங்கள் திட்டுகிற அந்தப் பேச்சுதான். மனிதர்கள் எதற்காக எண்களைச் சேகரிக்கிறார்கள், ஒரு வகையில் இருக்கிற எல்லா எஞ்சினையும் பார்த்துமுடித்த பிறகு என்ன செய்வார்கள், கடைசியாக ஒன்றே ஒன்று மட்டும் ஆண்டுக்கணக்கில் அகப்படாமல் போக்குக் காட்டினால் எப்படி இருக்கும்? எனக்கு எஞ்சினைவிட இந்தக் கிறுக்குதான் சுவாரசியம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் பகா எண்களைச் சேகரிக்கிறவள்.

#5 கரிப்புகை

பகா எண்ணா! நீங்கள் எங்களைவிட மோசம் அம்மா, வரவேற்கிறோம்.

சிங்காரம் சொன்னதற்குத் துணையாக ஒன்று. அதே பிபிசி ஃபோர் 2015இல் கென்னட்–ஏவன் கால்வாயில் படகுப் பயணத்தை வர்ணனை இல்லாமல் இரண்டு மணி நேரம் காட்டியது. ‘டிரெயின்ஸ்பாட்டிங் லைவ்’ முடிந்த அதே 2016 டிசம்பரில், செவர்ன் பள்ளத்தாக்கு ரயில்பாதையில் பிரிட்ஜ்நார்த்திலிருந்து கிடர்மின்ஸ்டர் வரை ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற புகழ்பெற்ற நீராவி எஞ்சினின் ஓட்டுமேடையிலிருந்து ஒரு முழுப் பயணத்தைக் காட்டியது. கரி அள்ளும் மண்வாரி, உலைக்கதவு திறந்து மூடும் சத்தம், ஊழியர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் இரண்டொரு சொல். ஆக, கையில் ஆள் இருந்தது, கேமரா இருந்தது, பொறுமையும் இருந்தது. ஜூலையில் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

#6 ஓய்வுபெற்ற ஓட்டுநர்

பிள்ளைகளா, வண்டிக்கு உள்ளே இருந்தவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

நான் பணியில் இருந்த காலத்தில் நடைமேடை முனையில் நின்று எஞ்சின் எண்ணைக் குறிக்கிறவனைப் பார்த்தால், மேலிடத்திலிருந்து சோதனைக்கு அனுப்பிய ஆளோ என்று சந்தேகப்படுவோம். உதவி ஓட்டுநர் உடனே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வார். அப்படிக் குறிப்பது சும்மா ஓர் ஆசைக்காக என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. இப்போது பேரன் செய்கிறான், சிரிப்பு வரவில்லை.

தொடரைப் பேரனோடு பார்த்தேன். எனக்குக் குறையாகத் தெரிந்தது பேச்சு அல்ல. யார் பேசுகிறார்கள் என்பதுதான். பார்க்கிறவர்கள் பேசிய அளவுக்கு ஓட்டுகிறவர்கள் பேசவில்லை. அதே பிபிசி ஃபோர் 2010இல் ‘இந்தியன் ஹில் ரெயில்வேஸ்’ என்று மூன்று பாகம் ஒளிபரப்பியது. டார்ஜிலிங், நீலகிரி, கல்கா–சிம்லா. திரையில் தொகுப்பாளரே கிடையாது. அந்தந்தத் தடத்தில் வேலை பார்க்கிறவர்களின் வாழ்க்கைதான் கதை. ரயில் தொடர் என்றால் எனக்கு அதுதான்.

நீலகிரி பாகத்தைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கல்லாறு தாண்டியதும் தடத்தின் நடுவே பற்சட்டம், அதாவது எஞ்சினின் பற்சக்கரம் கவ்வி ஏறுவதற்கான பல்வைத்த இரும்புச் சட்டம், தொடங்குகிறது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின் மேலேயே சாய்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக. அங்கே ஓடும் எக்ஸ் வகை எஞ்சினில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சமதளத்தில் கீழ் இரண்டு மட்டும் சக்கரத்தை ஓட்டும். பற்சட்டத்தில் ஏறியதும், கீழே வேலை செய்த அதே நீராவியை மேல் இரண்டுக்கும் அனுப்புவார்கள், அவை பற்சக்கரத்தைச் சுழற்றும். மேலும் கீழும் வெவ்வேறு தாளத்தில் ஓடும். பழகிய காதுக்குக் கண்ணை மூடிக்கொண்டே வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

#7 குன்னூர்க்காரி

ஓட்டுநர் ஐயா, வணக்கம். எங்கள் வீட்டு மாடியிலிருந்தே அந்தச் சத்தம் கேட்கும்.

அந்தப் பாகத்தை நானும் பார்த்திருக்கிறேன். படத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் மேல்தான். ‘காலம் உறைந்து நிற்கும் இடம்’ என்று எழுதாத ஆளில்லை. எங்கே உறைந்து நிற்கிறது? 1899இல் குன்னூர் வரை, 1908இல் உதகை வரை என்று போட்ட பாதையை ஒவ்வொரு மழைக்கும் மண்ணை அள்ளிக் கொட்டித் தூக்கி நிறுத்துகிறார்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எஞ்சின்கள் தேய்ந்த பிறகு அதே வகையில் புதியவற்றைத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் கட்டினார்கள். முதலில் எண்ணெயில் ஓடுவன, பிற்பாடு நிலக்கரியில் ஓடுவதும். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை.

ஏறும்போது ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு முன்னால் தடம் தெரியாது. முதல் பெட்டிக்காரர் கொடியை அசைத்தால் அடுத்தவர் வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பார், அப்படியே எஞ்சின் வரை போகும். மழையில் அந்த மேடையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் உறைந்திருப்பது காலமா ஆளா என்று தெரியும்.

#8 சிக்னல் சிங்காரம்

அருமை. இப்போது என் இரண்டாவது குற்றச்சாட்டு.

இப்படிப்பட்ட தொடர்கள் கூட்டத்தைக் கிளப்பிவிடுகின்றன. ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் 1923இல் டான்காஸ்டரில் பிறந்தது, 1934இல் மணிக்கு 100 மைல் தொட்டதாக அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் நீராவி எஞ்சின். நீண்ட காலப் பழுதுபார்ப்புக்குப் பிறகு 2016 பிப்ரவரி 25 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க்குக்குப் போனபோது என்ன நடந்தது? படமெடுக்கிறேன் என்று ஆட்கள் தடத்துக்குள் இறங்கிவிட்டதால் நடுவழியில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. நான்கு மாதம் கழித்து அதே நாட்டில் நேரலைத் தொடர் போட்டு ‘படம் அனுப்புங்கள், படம் அனுப்புங்கள்’ என்றால்? விளம்பரம் வேண்டுமா நமக்கு?

#9 ரீடிங்வாசி

சிங்காரம் சார், பிப்ரவரியில் நடந்ததற்கு ஜூலையில் வந்த தொடர் மேல் பழி போடுவது கொஞ்சம் அநியாயம்.

இந்தச் சண்டைக்கு வயது எழுபதுக்கு மேல் தெரியுமா? 1942இல் இயான் ஆலன் என்ற இளைஞர் லண்டன் வாட்டர்லூவில் சதர்ன் ரயில்வேயின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தார். எஞ்சின்களைப் பற்றிக் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதிச் சலித்துப்போய், எல்லா எண்களையும் ஒரு கையடக்கப் புத்தகமாகப் போடலாம் என்றார். நிர்வாகத்துக்கு ஆர்வமில்லை, தானே அச்சிட்டார். விலை ஒரு ஷில்லிங். விற்றுத் தீர்ந்தது. நாடு முழுவதும் பையன்கள் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ட எண்ணுக்கு அடியில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டார்கள். 1944இல் டாம்வொர்த்தில் பையன்கள் தடத்தில் இறங்கி ஆட்டம் போட, பெரிய ரகளையாயிற்று. இயான் ஆலன் என்ன செய்தார்? புத்தகத்தை நிறுத்தவில்லை. ஒரு சங்கம் தொடங்கினார். ரயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைய மாட்டேன் என்று உறுதி கொடுத்தால்தான் உறுப்பினர் வில்லை. உறுப்பினர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது.

இன்னொன்று. தொடர் ஒளிபரப்பான டிட்காட் மையமே யாருடையது? கிரேட் வெஸ்டர்ன் சொசைட்டியுடையது. 1961இல் சவுத்ஹாலில் எஞ்சின் எண் குறித்துக்கொண்டிருந்த நான்கு பள்ளிப் பையன்கள் தொடங்கிய சங்கம் அது. தங்களுக்குப் பிடித்த தண்ணீர்த் தொட்டியைத் தன் மேலேயே சுமக்கும் ஒரு சிறிய ‘தொட்டி எஞ்சினை’ப் பழைய இரும்புக்குப் போகாமல் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. பணம் திரட்டி 1964இல் 1466 என்ற எஞ்சினை வாங்கினார்கள். 1967இல் டிட்காட் கொட்டகைக்குள் வந்தார்கள். அதன் பிறகு வேல்ஸில் பேரி ஊரில் உட்ஹாம் சகோதரர்களின் இரும்புக் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்தவற்றைப் பலரும் போட்டி போட்டு வாங்கத் தொடங்கினார்கள். அந்த ஒரு கிடங்கிலிருந்து மீண்டவை மட்டும் 213. நோட்டும் பென்சிலுமாக நின்றவர்கள் இல்லையென்றால் தொடரில் காட்ட நீராவி எஞ்சினே மிஞ்சியிருக்காது.

தொடரில் இந்தக் கதைக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் குறை.

#10 நடைமேடை ஆறு

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு வயது 22. உங்கள் சண்டையைப் படித்தால் ஒன்று தோன்றுகிறது: காத்திருப்பு, காத்திருப்பு என்கிறீர்களே, அந்தக் காத்திருப்பை 2016க்கு முன்பே இணையம் தின்றுவிட்டது. பிரிட்டனில் தடங்களை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரெயில் தன் தரவைத் திறந்துவிட்ட பிறகு எந்த வண்டி எந்தச் சந்திப்பை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று கைப்பேசியிலேயே தெரிகிறது. சரக்கு வண்டி உட்பட. சிங்காரம் சாரின் ‘யாருக்குப் பாதை போட்டார்கள்’ என்ற கேள்விக்குப் பதில் சட்டைப்பையில் இருக்கிறது. நம் ஊரிலும் அப்படித்தான். இன்ன வண்டிக்கு வழக்கமான எஞ்சின் இல்லாமல் ஆஃப்லிங்க், அதாவது வேறு எஞ்சின், வருகிறது என்று இரண்டு நிலையத்துக்கு முன்னாலேயே குழுவில் செய்தி வந்துவிடும்.

எங்கள் தலைமுறைக்கு இந்தப் பித்தைக் கொடுத்தவர் பீட்டர் ஸ்னோ இல்லை, பிரான்சிஸ் பூர்ஜுவா. நெற்றியில் கேமராவைத் தன் முகத்தைப் பார்த்தபடி மாட்டிக்கொண்டு, எஞ்சின் ஒலி எழுப்பியதும் பொங்கிச் சிரிப்பாரே அவர்தான். 2021இல் உலகம் முழுக்கப் பரவினார், 2022இல் பெரிய ஆடை நிறுவனங்களின் விளம்பரத்தில் வந்தார், பிறகு சேனல் ஃபோர் அவரை வைத்தே ஒரு தொடர் எடுத்தது. அவர் காணொளியில் பாதி நேரம் ரயிலே தெரியாது, அவர் மூக்குதான் தெரியும்! ஆனால் அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் நிலையத்துக்குப் போனார்கள்.

#11 சிக்னல் சிங்காரம்

மூக்கைப் பார்த்து ரயில் ரசிகன் ஆகிறவனை நான் ரசிகன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஆள் நடிக்கிறார் என்று எழுதியவர்கள் எத்தனை பேர்.

#12 நடைமேடை ஆறு

எழுதினார்கள். அதற்கு அவரே பதில் சொன்னார்: பள்ளியில் மற்றவர்களோடு ஒத்துப்போக வேண்டுமே என்று ரயில் ஆசையை மறைத்து வைத்திருந்தேன், பிறகுதான் வெளியே விட்டேன் என்று. உங்கள் தலைமுறை அவரைப் போன்றவர்களைக் கேலி செய்ததால்தான் மறைக்க வேண்டி வந்தது சார். நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதும் அதுதான்.

#13 நெறியாளர்

இருவரும் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். யார் உண்மையான ரசிகர் என்ற விவாதத்துக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அதை முடிக்க முடியாமல்தான் பூட்டி வைத்திருக்கிறோம்.

#14 பனிமூட்டம்

நெறியாளர் அனுமதித்தால் வேறு பக்கம் போகலாம். திரையில் ஹானா ஃப்ரை வந்து நின்றார். ஆனால் நோட்டுப் புத்தகத்தோடு எத்தனை பெண்கள் வந்தார்கள்? என் நினைவில் தங்கவில்லை. இந்த இழையிலேயே குன்னூர்க்காரியையும் என்னையும் தவிர யாருமில்லை. நடைமேடை முனையில் தனியாக நிற்பதைப் பற்றிச் சிங்காரம் சார் அழகாக எழுதினார். ‘கூட்டமெல்லாம் பின்னால் இருக்கும்’ என்றார். அந்தக் கூட்டம் பின்னால் இருப்பது அவருக்கு நிம்மதி. இருட்டிய பிறகு எனக்கு அது நிம்மதி இல்லை.

#15 சிக்னல் சிங்காரம்

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை அம்மா.

#16 குன்னூர்க்காரி

சார் வாயடைத்துப்போன முதல் பதிவு. யாராவது எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

#17 கரிப்புகை

அரசியலை விட்டுத் தொலைக்காட்சிக்கு வந்த மைக்கேல் போர்ட்டிலோவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. பிபிசி டூவில் 2010இலிருந்து ஓடுகிற ‘கிரேட் பிரிட்டிஷ் ரெயில்வே ஜர்னீஸ்’. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிராட்ஷா ரயில் பயண வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மஞ்சள் கோட்டும் இளஞ்சிவப்புக் கால்சட்டையுமாக ஊர் ஊராகப் போவார். ரயில் தொடர் என்கிறார்கள். எனக்கென்னவோ, ரயிலில் ஏறி இறங்கும் ஊர்த் தொடர் என்றுதான் படுகிறது. எஞ்சின் வகையைக் கேட்டால் அவருக்கும் தெரியாது, நமக்கும் சொல்ல மாட்டார்.

2018இல் அவருடைய இந்தியத் தொடரும் வந்தது. மைசூருவிலிருந்து சென்னை வரை ஒரு பாகம். அதையும் அதே கண்ணோடுதான் பார்த்தேன்: அரண்மனைக்குக் கொடுத்த நேரத்தை எஞ்சினுக்குக் கொடுக்கவில்லை.

#18 ரீடிங்வாசி

போர்ட்டிலோவை அவ்வளவு எளிதாகத் தள்ளாதீர்கள். அவர் போக்குவரத்துத் துறை இணையமைச்சராக இருந்தபோது வட இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதையை மூடும் திட்டம் மேசையில் இருந்தது. ரிபிள்ஹெட்டில் 24 வளைவுகள் கொண்ட மேம்பாலம் பழுதாகிவிட்டது, செலவு தாங்காது என்றார்கள். மக்கள் விடாமல் போராடினார்கள். 1989இல் மூடுவதில்லை என்று முடிவாயிற்று. அரசியலில் தான் செய்தவற்றிலேயே பெரியது அதுதான் என்று அவரே சொல்லிவருகிறார். எஞ்சின் வகை தெரியாவிட்டால் போகட்டும், பாதை இருக்கிறதே.

#19 ஓய்வுபெற்ற ஓட்டுநர்

இன்டர்சிட்டி 125 பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கேள்வி. பேரன் எனக்கு இரண்டு காணொளி போட்டுக் காட்டினான். ஒரே வண்டி, ஆனால் பழையதில் புறப்படும்போது ஊளையிடுகிறது, டிட்காட் காலத்துப் பதிவில் அந்த ஊளை இல்லை. ஒலிப்பதிவின் குறையா?

#20 கரிப்புகை

ஒலிப்பதிவில் குறை இல்லை ஐயா. முதலில் அவற்றில் இருந்தது பாக்ஸ்மன் வாலென்டா டீசல், 2,250 குதிரைத்திறன். அந்த ஊளை, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் அதன் டர்போசார்ஜருடையது. புறப்பாட்டுக்குக் கைப்பிடியைத் திறந்ததும் ஒரு கணம் தயங்கும், கரும்புகை ஒரு மூச்சு வரும், பிறகு சுருதி ஏறிக்கொண்டே போய்க் காதைத் துளைக்கும். 2000களின் பிற்பாதியில் கிரேட் வெஸ்டர்ன் வண்டிகளில் அதை எடுத்துவிட்டு ஜெர்மனியின் எம்டியு எஞ்சின் பொருத்தினார்கள். புகை குறைந்தது, எரிபொருள் மிச்சமானது, ஊளை போயிற்று. முன்மாதிரி வண்டி 1973 ஜூனில் 143 மைல் தொட்டு டீசல் சாதனை படைத்ததும், 1987 நவம்பரில் இதே குடும்பம் 148 தொட்டதும் பாக்ஸ்மன் எஞ்சினோடுதான்.

தொடருக்கு எதிரான என் கடைசிப் புகாரும் இதில் இருக்கிறது. இப்படி ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் இரண்டு ஒலியையும் பேச்சில்லாமல் கேட்கவிட வேண்டும். ஓட்டுநர் ஐயாவுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. இரண்டு ஒலியையும் அவர் காதாலேயே கேட்டார், அதனால்தான் கேள்வி வந்தது.

#21 நடைமேடை ஆறு

இது நியாயமான புகார். இதற்கு என் வாக்கு உங்களுக்குத்தான் அண்ணா. ஆனால் பூர்ஜுவாவை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#22 புதுப்பயணி

இழையைப் படித்ததில் ஆசை வந்துவிட்டது. ஆகஸ்டில் லண்டன் வருகிறோம், எட்டு வயது மகன், கைக்குழந்தை ஒன்று. டிட்காட் போகலாமா? கார் வேண்டுமா?

#23 ரீடிங்வாசி

கார் வேண்டாம். பேடிங்டனில் ஏறி டிட்காட் பார்க்வேயில் இறங்குங்கள். மையத்துக்கு வழி நிலையத்தின் சுரங்க நடைபாதையிலேயே இருக்கிறது. எஞ்சின் நீராவியோடு ஓடுகிற நாட்களும் சும்மா நிற்கிற நாட்களும் உண்டு, போவதற்கு முன் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு இரண்டு இடங்களைக் கட்டாயம் காட்டுங்கள். ஒன்று, கிரேட் வெஸ்டர்ன் பாதையை அமைத்த பொறியாளர் புரூனலின் ஏழடி அகலத் தடம். 1892இல் அந்த அகலத்தை நாடு முழுக்க எடுத்துவிட்டார்கள், இங்கே ஒரு துண்டு மறுபடி போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்றாலே பையனுக்கு வித்தியாசம் புரியும். இன்னொன்று, ஓடுகிற வண்டி அஞ்சல் பையை வாங்கும் அமைப்பு. தடத்தோரக் கம்பத்தில் தடித்த தோல் பையில் கட்டிய மூட்டை தொங்கும். அஞ்சல் பெட்டியின் பக்கவாட்டிலிருந்து இரும்புச் சட்டத்தில் கட்டிய வலை வெளியே நீளும். வண்டி நிற்காமல் கடக்கும்போது பை வலைக்குள் போய் விழும் சத்தத்துக்குப் பெரியவர்களே ஓரடி பின்வாங்குவார்கள். பிரிட்டனில் 1971 வரை நிஜமாகவே இப்படித்தான் கடிதம் ஏற்றினார்கள். செயல்விளக்கம் எல்லா நாளும் கிடையாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைபாதையிலிருந்து மையத்துக்கு ஏறப் படிகள்தான். நான் போனபோது லிஃப்ட் இல்லை. கைக்குழந்தைக்குத் தள்ளுவண்டி கொண்டுவந்தால் ஒருவர் அதைத் தூக்க வேண்டியிருக்கும், மடக்குகிற வண்டியாகப் பார்த்து எடுத்து வாருங்கள்.